கொறங்காட்டில் எத்தனை உருப்படி விடலாம்? வாசகர் கேள்வி-பதில்

இந்த முறை வந்தவற்றில் பெரும்பாலானவை காங்கயம், தாராபுரம், வெள்ளகோவில் வட்டாரத்துக் கேள்விகள். வெளியூர் வாசகர்களுக்கு ஒரு வரி: சுற்றிலும் முள்கிளுவை வேலி, உள்ளே கொழுக்கட்டைப் புல், நடுநடுவே வெள்வேல மரம். மேய்க்க ஆள் இல்லாமலே ஆடு மாடுகளை விட்டுவைக்கும் சொந்த மேய்ச்சல் நிலம்தான் கொறங்காடு.

மூலனூர் பக்கம் 12 ஏக்கர் கொறங்காடு. நான்கு காடாக வேலி பிரித்திருக்கிறோம். எத்தனை மாடு விடலாம்?

ஏக்கருக்கு இத்தனை என்று நான் ஓர் எண்ணைச் சொன்னால், நல்ல மழை வருஷத்தில் புல் மிஞ்சும். மழை தவறினால் மாடு எலும்பாகும். எண்ணைப் புல்லிடமே கேளுங்கள். மழைக்காலத்தில் மேய்ந்த காடு மறுபடி தழைக்க ஒரு மாதமாவது வேண்டும். உங்களிடம் நான்கு காடு. ஒன்றில் மாடு நிற்கும்போது மற்ற மூன்றும் ஓய்வில் இருக்கும். ஆகவே ஒரு காட்டில் பத்து நாள் மேய்ந்தும் நான்கு விரல் உயரத்துக்குப் புல் மிஞ்ச வேண்டும். ஆறாம் நாளே தரை தெரிந்தால் உருப்படி அதிகம். காலண்டர் பார்த்துக் காடு மாற்றாதீர்கள். குனிந்து புல்லில் கை வைத்துப் பார்த்துவிட்டு மாற்றுங்கள்.

இன்னொன்று. 350 கிலோ எடையுள்ள காங்கயம் பசு நாளுக்கு எட்டு ஒன்பது கிலோ (காய்ந்த எடையில்) தின்னும். 30 கிலோ செம்மறி ஒரு கிலோ. ஒரு மாட்டின் இடத்தில் எட்டு ஆடு என்று வைத்துக்கொள்ளலாம். இங்கேதான் லாபத்துக்கான சூட்சுமம் இருக்கிறது. மோசமான வருஷமும் தாங்கும் அளவுக்கு மட்டும் பசுக்களை நிரந்தரமாக வையுங்கள். மிச்சப் புல்லுக்கு மேச்சேரி இனமோ மயிலம்பாடி இனமோ செம்மறி வாங்கி விடுங்கள். மழை நன்றாக இருந்தால் ஆடு கூடும். பொய்த்தால் சந்தைக்குப் போகும். ஒரு பசுவை விற்றுவிட்டு அதே தரத்தில் மறுபடி தேடுவது எவ்வளவு சிரமம் என்று உங்களுக்கே தெரியும்.

முதலில் மாடு, அப்புறம் ஆடு. மாடு நாக்கால் சுழற்றி மேலாகப் பிடுங்கும். செம்மறி தரையோடு கறிக்கும். ஆட்டை அதிக நாள் விட்டால் கொழுக்கட்டைத் தூரே போய்விடும்.

ஐப்பசி மழை ஏமாற்றிவிட்டது. சோளத்தட்டு (காய்ந்த தீவனம்) வாங்கிச் சமாளிப்பதா, மாட்டை விற்பதா?

கோடையை 120 நாள் என்று வைத்தால், ஒரு பசுவுக்கு ஒரு டன் சோளத்தட்டு. உங்கள் ஊரில் ஒரு டன் என்ன விலை, ஏற்றுக்கூலி எவ்வளவு, அந்தப் பசு அடுத்து ஈனும் கன்று எவ்வளவுக்குப் போகும்? மூன்றையும் ஒரு தாளில் எழுதிப் பாருங்கள், பதில் தானாக வரும். சினைப்பசுவுக்கும் நல்ல கிடாரிக்கும் பெரும்பாலும் தட்டு வாங்குவது கட்டுப்படியாகும். பல் தேய்ந்தது, இரண்டு ஈற்றுக்கு நடுவே நீண்ட காலம் சும்மா நிற்பது, இவற்றுக்குக் கட்டாது.

விற்பதென்றால் கார்த்திகை முடிவதற்குள் முடிவெடுங்கள். பங்குனியில் ஊரே கயிற்றைப் பிடித்துக்கொண்டு சந்தையில் நிற்கும், விலை படுத்துவிடும். அப்போது மாட்டில் சதையும் இருக்காது. ஆடுகளை முழுக்க விற்றுவிட வேண்டாம். கோடையில் வெள்வேலங்காய் உதிரும்போது கொஞ்ச ஆட்டுக்கு அதுவே தீவனம்.

காங்கயம் பசு வைத்துப் பால் விற்றுச் சம்பாதிக்க முடியுமா?

முடியாது. நாளுக்கு இரண்டு மூன்று லிட்டர் கறக்கும், அதிலும் கன்றுக்குப் பங்கு உண்டு. வருமானம் கன்றில்தான். நல்ல பூச்சிக்காளைக்கு (இனவிருத்திக் காளை) பிறந்த கிடாரி, ரேக்ளாவுக்கும் சல்லிக்கட்டுக்கும் தேறும் காளைக்கன்று, இவைதான் காசு. சல்லிக்கட்டை அனுமதித்த 2017 சட்டத் திருத்தத்துக்குப் பிறகு காளைக்கன்றுகளைத் தேடி வருபவர்கள் அதிகம். பிறக்கும்போது செம்மையாக இருக்கும் கன்று ஆறு மாத வாக்கில் நிறம் மாறும். நிறம் தெளிந்த பிறகு விலை பேசுங்கள். கண்ணபுரம், அந்தியூர் போன்ற திருவிழாச் சந்தைகளில் இனம் பார்த்து வாங்குகிறவர்கள் வருவார்கள்.

ஆட்டுக்குத் தரகர் சொல்வதுதான் விலையாக இருக்கிறது. வேறு வழி?

துண்டுக்குள் விரல் பிடித்துப் பேசும் விலையை எதிர்க்கத் தொங்கு தராசு ஒன்று போதும். காலையில் மேய்ச்சலுக்கு முன் நான்கைந்து ஆட்டை நிறுத்துப் பாருங்கள். உயிர் எடையில் பாதிக்குக் கொஞ்சம் குறைவாகக் கறி நிற்கும். 30 கிலோ கிடாய்க்கு 14 கிலோ என்று வைத்து, உங்கள் ஊர்க் கறி விலையால் பெருக்குங்கள். வெட்டுக்கூலி, வியாபாரி லாபம் கழித்தது போக மிச்சம் உங்களுக்கு வர வேண்டும். தரகரை எதிரியாக நினைக்க வேண்டாம். எடை தெரிந்தவனிடம் அவரும் நியாயமாகத்தான் பேசுவார்.

புரட்டாசியில் விற்காதீர்கள், கறிக்கடையே தூங்கும். ஆடியில் கிடாவெட்டு, அப்புறம் தீபாவளி, இவை பெரிதாக நகராத காலங்கள். பக்ரீத் அப்படியல்ல, 2025இல் ஜூன் 7ஆம் தேதி வந்தது, வருஷத்துக்குச் சுமார் 11 நாள் முன்னால் நகரும். அதற்கு ஒரு வயது நிறைந்த, ஊனமில்லாத கிடாய் வேண்டும். ஆட்டின் சினைக்காலம் ஐந்து மாதம். எனவே கிடாய் சேர்க்கும் தேதியைப் பின்னோக்கி எண்ணுங்கள்.

முதல் மழைக்குப் பிறகு கொழுத்த ஆடுகளாகப் பார்த்துத் திடீரென்று செத்தன. பாம்பா?

பாம்பு கொழுத்ததாகத் தேடிக் கடிக்காது. துள்ளுமாரி நோயாக இருக்கலாம், இளம்புல்லை வயிறு முட்டத் தின்ற ஆட்டுக்குத்தான் அது வரும். மழைக்கு முன் தடுப்பூசி போடுங்கள். இனி செத்தால் புதைக்கும் முன் மருத்துவரைக் கூப்பிட்டுப் பரிசோதியுங்கள். கொறங்காட்டை உழுது சோளம் போட்டிருந்தால் அதையும் கவனியுங்கள்: வாடிய இளஞ்சோளமும், அறுத்த தாளில் மழைக்குக் கிளைத்த துளிரும் விஷம். மாடும் சில நிமிஷத்தில் விழும்.

வேலியோரம் சீமைக்கருவேலம் முளைக்கிறது. காயை ஆடு விரும்பித் தின்கிறதே, விட்டுவைக்கலாமா?

வேண்டாம். தின்ற விதை சாணியிலும் புழுக்கையிலும் காடு முழுக்க விழுந்து முளைக்கும். வெட்டினால் நான்காகத் தழையும். மழை பெய்து மண் இளகியிருக்கும்போது, முழங்கால் உயரத்தைத் தாண்டுமுன், வேரோடு பிடுங்கிவிடுங்கள்.