செல்போனில் கண் பரிசோதனை: சம்மதிப்பவர்கள், தயங்குபவர்கள் – கேள்வி பதில்

தென் மாவட்டக் கிராமங்களில் சர்க்கரை நோயாளிகளுக்கு விழித்திரைப் பரிசோதனை முகாம்கள் நடத்தும் ஆப்டோமெட்ரிஸ்ட் (கண் பரிசோதனை வல்லுநர்) ஒருவர் வாசகர்களின் கேள்விகளுக்குப் பதில் அளிக்கிறார். அவர் முதலிலேயே சொல்லிவிட்டது: "என் துறை கண். மற்ற நோய்களைப் பற்றித் தெரிந்த அளவுக்குச் சொல்வேன். மாத்திரையை மாற்றச் சொல்லி யாரும் கேட்க வேண்டாம்."

கம்பம் வாசகர்: அம்மாவுக்குப் பன்னிரண்டு ஆண்டுகளாகச் சர்க்கரை நோய். ஊருக்கு வந்த முகாமில் செல்போனை வைத்துக் கண்ணைப் படம் எடுத்தார்கள். "போனில் எடுத்தால் என்ன தெரியப்போகிறது, பெரிய ஆஸ்பத்திரியில் பார்த்துக்கொள்ளலாம்" என்கிறார். அந்தப் படத்தை நம்பலாமா?

நம்பலாம். வெறும் செல்போனால் விழித்திரையைப் பார்க்க முடியாது. லென்ஸும் விளக்கும் கொண்ட கருவியில் செல்போனைப் பொருத்துகிறார்கள். அங்கே செல்போன் கேமராவாக மட்டுமே வேலை செய்கிறது. இப்படி எடுத்த படங்களைக் கணினி மென்பொருளிடம் கொடுத்துச் சென்னையில் 296 நோயாளிகளிடம் ஓர் ஆய்வு செய்து 2018இல் வெளியிட்டார்கள். பார்வையைப் பறிக்கும் நிலையில் இருந்தவர்களில் 99 சதவீதத்தினரை மென்பொருள் பிடித்தது. அந்த நிலை இல்லாதவர்களிலும் ஏறக்குறைய ஐந்தில் ஒருவரைச் சந்தேகப் பட்டியலில் சேர்த்துவிட்டது. ஆகவே "சந்தேகம்" என்று சீட்டு வந்தால் நோய் உறுதி என்று அழ வேண்டாம். கண் மருத்துவரிடம் போக வேண்டும், அவ்வளவுதான்.

அம்மாவிடம் ஒன்று கேளுங்கள்: பெரிய ஆஸ்பத்திரிக்குக் கடைசியாக எப்போது போனார்? சர்க்கரை விழித்திரையைக் கெடுக்கும்போது வலி இருக்காது, தொடக்கத்தில் பார்வையும் குறையாது. "எனக்கு நன்றாகத் தெரிகிறதே" என்பவர்களின் படத்தில்தான் ஆரஞ்சு நிறத் தட்டில் சிவப்பு மிளகாய் விதை தூவியதுபோல ரத்தப் புள்ளிகளைப் பார்க்கிறேன். நன்றாகத் தெரிவதால் விழித்திரை நன்றாக இருக்கிறது என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். ஆண்டுக்கு ஒருமுறை படம் கட்டாயம்.

பரிசோதனைக்காகக் கண்மணியை விரிக்கச் சொட்டு மருந்து விட்ட கண்ணோடு யாரும் பைக் ஓட்டக் கூடாது. இதை இன்று பலமுறை சொல்வேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

"சர்க்கரைக் கணக்கு": விரலைக் கேமரா மேல் வைத்தால் சர்க்கரை அளவைக் காட்டும் செயலிகளில் எது நல்லது?

எதுவும் இல்லை. குத்தாமலே சர்க்கரையை அளப்பதாகச் சொல்லும் வாட்ச், மோதிரம் எதற்கும் அனுமதி தரவில்லை, வாங்காதீர்கள் என்று அமெரிக்காவின் உணவு மற்றும் மருந்து நிர்வாகம் 2024 பிப்ரவரியில் எச்சரித்தது. தவறான எண்ணைப் பார்த்து இன்சுலின் போட்டுக்கொண்டால் உயிருக்கே ஆபத்து.

திருமங்கலம் வாசகர்: ரத்த அழுத்தத்துக்காவது செயலி உண்டா?

அமெரிக்காவில் ஒன்று அமோகமாக விற்றது. போனை நெஞ்சில் வைத்து, விரலைக் கேமராவில் வைத்தால் எண் வரும். ஜான்ஸ் ஹாப்கின்ஸ் ஆய்வாளர்கள் 2016இல் சோதித்தபோது, உயர் ரத்த அழுத்தம் இருந்தவர்களில் ஏறத்தாழ ஐந்தில் நான்கு பேருக்கு அது "இயல்பு" என்று காட்டியிருந்தது. அந்த ஆண்டின் இறுதியில் அமெரிக்க அரசின் வணிக ஆணையம் அந்த நிறுவனத்தின் மீது நடவடிக்கை எடுத்தது. இயல்பு என்று பொய் சொல்லும் செயலியைவிடச் செயலியே இல்லாமல் இருப்பது மேல். கைப்பட்டை கட்டிப் பாருங்கள்.

சமூகப்பணி முதுகலை மாணவி, மதுரை: செல்போன் வழி நோய் கண்டறிதலுக்கு நோயாளிகள் விரும்புகிறார்களா என்று அரசு மருத்துவமனைப் புறநோயாளிகளிடம் ஆய்வு செய்கிறேன். அநேகமாக எல்லோரும் "சரி" என்கிறார்கள். முடிவு மிக நன்றாக வருகிறது. ஆனால் மனம் ஒப்பவில்லை.

ஒப்பாததுதான் சரி, தங்கையே. கையில் ஓ.பி. சீட்டோடு வரிசையில் நிற்பவரிடம் கழுத்தில் அடையாள அட்டை தொங்கும் ஒருவர் போய் "உங்களுக்கு விருப்பமா?" என்றால் என்ன சொல்வார்? இல்லை என்றால் சீட்டை வாங்கி வைத்துக்கொள்வார்களோ என்ற பயம் அவருக்கு.

நான் முகாமில் பார்ப்பதைச் சொல்கிறேன். நாற்காலியில் உட்கார்ந்து, தாடையைத் தாங்கியில் வைத்துப் படம் எடுத்துக்கொள்ள யாரும் மறுப்பதில்லை. படம் எடுத்ததும் திரையைத் திருப்பிக் காட்டுவேன். "இதுவா என் கண்ணு?" என்று அக்கம்பக்கத்தாரையும் கூப்பிட்டுக் காட்டுவார்கள். பெரிய இயந்திரத்தில் இப்படிக் கையோடு திருப்பிக் காட்டுவது எளிதல்ல. செல்போனுக்கு மக்கள் சம்மதிப்பதில் இதற்குப் பெரிய பங்கு உண்டு என்பது என் கணிப்பு. சிக்கல் அடுத்த நிமிடத்தில் வரும். "முடிவை அனுப்ப உங்கள் எண் சொல்லுங்கள்" என்றால் ஒரு பாட்டி சுருக்குப்பையிலிருந்து நான்காக மடித்த காகிதத்தை எடுத்துத் தருகிறார். யாருடைய எண் என்றால், திருப்பூரில் வேலை பார்க்கும் பேரனுடையது. அவன் தீபாவளிக்குத்தான் வருவான். இந்தப் பாட்டி உங்கள் படிவத்தில் "விருப்பம் உண்டு" என்ற கட்டத்தில் இருப்பார்.

தாய்லாந்தில் கூகுள் நிறுவனம் தன் கண் பரிசோதனை மென்பொருளைப் பதினொரு சிகிச்சை மையங்களில் வைத்துப் பார்த்தது. செல்போன் அல்ல, வழக்கமான கேமராதான், பாடம் ஒன்றே. 2020இல் வெளிவந்த அறிக்கையின்படி, முதல் ஆறு மாதங்களில் கொடுத்த 1,838 படங்களில் 21 சதவீதத்தைத் தரம் போதாது என்று மென்பொருள் ஏற்கவில்லை. அப்படி மறுத்தால் நோயாளி வேறு ஊர் மருத்துவரிடம் போக வேண்டும். அந்த அலைச்சலை நினைத்துச் சில மையங்களில் செவிலியர்களே "நீங்கள் இதில் சேர வேண்டாம்" என்று நோயாளிகளைத் தடுத்திருக்கிறார்கள். கருவியின் மீது யாருக்கும் கோபமில்லை. பஸ் செலவும் போகும் அன்றைய கூலியும்தான் கணக்கு.

அதனால் கேள்வியை மாற்றுங்கள். போன் யாருடையது? வரும் செய்தியை யார் படிப்பார்? சந்தேகம் என்று வந்தால் எந்தக் கிழமை போவீர்கள், யார் கூட வருவார்? இதற்குப் பதில் சொல்பவர்தான் விருப்பமுள்ளவர்.

ஓய்வுபெற்ற தலைமையாசிரியர், தேனி: இதற்கெல்லாம் காரணம் விழிப்புணர்வு இல்லாமை. ரேஷன் கார்டோடு இணைத்துவிட்டால் எல்லோரும் வந்து நிற்பார்கள்.

வந்து நிற்பார்கள் ஐயா, கண்ணைக் காட்ட மாட்டார்கள். 2020 மே மாதம், கொரோனா காலத்தில், தொற்றுத் தொடர்பைக் கண்டறியும் ஆரோக்கிய சேது செயலியை அலுவலகம் செல்பவர்களுக்குக் கட்டாயமாக்கினார்கள். வாசலில் காட்டுவதற்காகப் பதிவிறக்கி, உள்ளே போனதும் அழித்தவர்களை நான் அறிவேன். அதை விருப்பம் என்று கணக்கெழுதலாமா? அரிசியைப் பிடித்து வைத்துக்கொண்டு வாங்கும் சம்மதமும் அப்படித்தான்.

சுகாதாரத் தன்னார்வலர், சாத்தூர் பக்கம்: குறுக்கிடுவதற்கு மன்னிக்கவும். வீடு வீடாகப் போகிறவள் நான். பெண்கள் பரிசோதனைக்குப் பயப்படுவதில்லை. முடிவு கணவர் போனுக்குப் போகும் என்றால்தான் பின்வாங்குகிறார்கள். "அக்கா, நீங்களே வந்து வாயால் சொல்லிவிடுங்கள், மெசேஜ் வேண்டாம்" என்கிறார்கள்.

இதைத்தான் எதிர்பார்த்தேன். 2019–21 தேசியக் குடும்ப நல ஆய்வின்படி, தாங்களே பயன்படுத்தும் செல்போன் வைத்திருக்கும் இந்தியப் பெண்கள் 54 சதவீதம். மற்றவர்களுக்கு "உங்கள் போன்" என்பதே வீட்டுப் பொதுச்சொத்து.

தலைமையாசிரியர்: கணவனுக்குத் தெரிந்தால் என்ன குடி முழுகிவிடும்? நோயை மறைப்பதை ஊக்குவிக்கிறீர்களா?

தன்னார்வலர்: சார், கல்யாணமாகி ஆறு மாதமான பெண்ணுக்குக் காசநோய் என்று செய்தி வந்து, மாமியார் அதைப் படித்த வீட்டுக்கு நான் போயிருக்கிறேன். அந்தப் பெண்ணின் தட்டும் டம்ளரும் தனியாகத் திண்ணையில் இருந்தன.

தலைமையாசிரியர்: அதற்குத்தான் விழிப்புணர்வு வேண்டும் என்கிறேன்!

ஐயா, மாமியாருக்கு விழிப்புணர்வு வரும்வரை மருமகளின் இருமல் காத்திருக்காது. யாருக்கு எப்போது சொல்வது என்பதை நோயாளி முடிவு செய்யட்டும். காசநோயில் உடனிருப்பவர்களையும் பரிசோதிக்க வேண்டும், உண்மை. அதைச் செவிலியர் நேரில் வந்து பக்குவமாகச் சொல்வார். நோயின் பெயரைப் போட்டு வீட்டுப் போனுக்கு அனுப்பத் தேவையில்லை. "உங்கள் பரிசோதனை முடிவு வந்துவிட்டது, சுகாதார நிலையத்துக்கு வாருங்கள்" என்று எழுதினால் போதும். 2023ஆம் ஆண்டுத் தரவுப் பாதுகாப்புச் சட்டமே எதற்காகத் தகவல் வாங்குகிறோம் என்று சொல்லிச் சம்மதம் பெற வேண்டும் என்கிறது. எண்ணை வாங்கும்போதே "இந்த எண்ணுக்கு அனுப்பலாமா, வேண்டாமா" என்று கேட்பதற்கு ஒரு நிமிடம்கூட ஆகாது. அந்தக் கேள்வி இல்லாத படிவத்தை நான் கையில் எடுப்பதில்லை.

உங்களோடு இதற்கு மேல் வாதாட இன்று நேரமில்லை. தன்னார்வலர் சொன்னதை இன்னொரு முறை படியுங்கள்.

விருதுநகர் வாசகர்: வாட்ச் கட்டினால் சர்க்கரை தெரியுமாமே?

தெரியாது. மேலே எழுதியிருக்கிறேன்.

"நிஷா": இருமல் சத்தத்தைப் பதிவு செய்தால் காசநோயைச் சொல்லும் செயலி?

ஆய்வுகள் நடக்கின்றன. என் துறையல்ல. இரண்டு வாரத்துக்கு மேல் இருமினால் ஆரம்ப சுகாதார நிலையத்தில் சளிப் பரிசோதனை, இலவசம்.

அருப்புக்கோட்டை வாசகர்: அப்பாவுக்குக் காது மந்தம் என்று சந்தேகம். போனில் பார்க்க முடியுமா?

உலக சுகாதார நிறுவனம் 2019இல் இதற்கென ஒரு செயலியை வெளியிட்டது. முதல் சல்லடையாக அதைப் பயன்படுத்தலாம். பிறகு காது மருத்துவர்.

பெயர் வேண்டாம்: மனச்சோர்வு இருக்கிறதா என்று ஒரு செயலியில் பார்த்தேன். "கடுமையானது" என்று வந்தது. யாரிடமும் சொல்லவில்லை.

என்னிடம் சொன்னதற்கு நன்றி. இப்போதே 14416க்குப் பேசுங்கள். அரசின் டெலி மானஸ் சேவை, இரவும் பகலும் உண்டு, தமிழிலும் பேசுவார்கள்.

"ராஜபாளையம் 66": சர்க்கரை இருக்கிறதா என்று வீட்டிலேயே பார்க்க வழியே கிடையாதா? செயலி என்றாலே திட்டுகிறீர்கள்.

திட்டவில்லை, களைத்துவிட்டேன். ஒரு நல்ல வழி இருக்கிறது, அதற்கு கேமராவே வேண்டாம். சென்னை மருத்துவர் வி. மோகன் குழுவினர் 2005இல் வெளியிட்ட இந்திய நீரிழிவு அபாய மதிப்பெண். வயது, இடுப்புச் சுற்றளவு, உடலுழைப்பு, பெற்றோருக்குச் சர்க்கரை உண்டா என்ற நான்கு விவரங்கள் போதும். ஒவ்வொன்றுக்கும் உள்ள மதிப்பெண்களைக் கூட்டி, 60 அல்லது அதற்கு மேல் வந்தால் ரத்தப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள். ஓர் அளவு நாடா வாங்குங்கள்.

போடி வாசகர்: முகாமுக்கு நானே வண்டி ஓட்டி வரலாமா?

கூடாது. கூடாது. துணைக்கு ஆள் அழைத்து வாருங்கள், அல்லது பஸ்ஸில் வாருங்கள். பழைய மருந்துச் சீட்டும் வேண்டும்.

"சின்னமனூர் மாமா": தங்கையின் குழந்தைக்கு எட்டு மாதம். செல்போனில் ஃபிளாஷ் போட்டு எடுத்த படங்களில் ஒரு கண்மணி மட்டும் வெள்ளையாகத் தெரிகிறது. மூன்று நான்கு படங்களில் அப்படி இருக்கிறது. அடுத்த முகாம் எப்போது?

முகாமுக்குக் காத்திருக்காதீர்கள். கேமரா சாய்வாக இருந்தாலும் சில நேரம் இப்படித் தெரியும். ஆனால் ஒரே கண்ணில் திரும்பத் திரும்பத் தெரிந்தால் கண்புரையாகவோ விழித்திரைப் புற்றுநோயாகவோ இருக்கலாம். அந்தப் புற்றுநோயைத் தொடக்கத்திலேயே பிடித்தால் உயிரையும், பல நேரம் கண்ணையும் காப்பாற்றிவிடலாம். நாளைக் காலையே மதுரைக்குக் கிளம்புங்கள். குழந்தைகள் கண் பிரிவு உள்ள மருத்துவமனையாக இருக்க வேண்டும். அந்தப் படங்களை அழிக்காமல் மருத்துவரிடம் காட்டுங்கள். "கண்மணி வெள்ளையாகத் தெரிகிறது" என்று பதிவு மேசையிலேயே சொல்லுங்கள். வரிசையில் உட்கார வைக்க மாட்டார்கள்.

மற்றவர்களின் கேள்விகளை அடுத்த வாரம் பார்க்கிறேன்.