லீவரைத் தள்ளினால் மட்டும் மாடி சூடாகிறதா?

பாய்லரில் சூடான தண்ணீரை மாடி ரேடியேட்டர்களுக்குத் திறந்துவிடும் மோட்டார் வால்வு (ஸோன் வால்வு) தானாகத் திறக்காமல், அதன் லீவரைக் கையால் தள்ளினால்தான் மாடி சூடாகிறது என்றால், கோளாறு வால்வின் உடலில் இல்லை; மேலே இருக்கும் மோட்டாரிலோ அதற்கு வரும் மின்சாரத்திலோதான் இருக்க வேண்டும். லீவரைக் கையால் தள்ளியதும் மாடி ரேடியேட்டர்கள் சூடாகின்றன என்றால், தண்ணீர் போகும் வழி சரியாகவே இருக்கிறது. பெரும்பாலும் மோட்டார் எரிந்திருக்கும், அல்லது உள்ளே பல்சக்கரம் தேய்ந்திருக்கும்.

மாடி தெர்மோஸ்டாட்டை ஏற்றிவிட்டு, மோட்டார் ஒயர்கள் இரண்டுக்கும் இடையே மல்டிமீட்டரை ஏசியில் வைத்துப் பாருங்கள். 24 வோல்ட் அளவில் வந்தும் வால்வு ஒரு நிமிடத்தில் திறக்கவில்லையா? மோட்டாரை மாற்றுங்கள். பல மாடல்களில் தண்ணீரை வடிக்காமலே மாற்றலாம். மின்சாரமே வரவில்லை என்றால் தெர்மோஸ்டாட்டையும் ஒயரையும் பாருங்கள். அப்புறம், வால்வு திறந்தும் பாய்லர் ஓடவில்லை என்றால் வால்வின் எண்ட் ஸ்விட்ச் மேல், அதாவது வால்வு திறந்ததும் பாய்லரை ஓடச் சொல்லும் சின்ன ஸ்விட்ச் மேல், சந்தேகம் வரவேண்டும்.

ஒன்று கவனம்: சில வால்வுகள் 230 வோல்ட்டில் ஓடும். மூடியைத் திறக்குமுன் லேபிளைப் படியுங்கள். 230 என்றிருந்தால் தயவுசெய்து எலக்ட்ரீஷியனிடம் விட்டுவிடுங்கள்.