48,000 ரூபாய் டேப்லெட் வேண்டாம். முட்டை அட்டை போதும்

கேள்வி: என் மகளுக்கு 5 வயது. பிறவியிலேயே பார்வை இல்லை. வெளிச்சம் மட்டும் தெரியும் என்கிறார்கள். பார்வையற்ற குழந்தைகளுக்கான டேப்லெட்டும் பயிற்சியும் சேர்த்து 48,000 ரூபாய், இப்போதே பழக்காவிட்டால் பள்ளியில் பின்தங்கிவிடுவாள் என்கிறார் ஒருவர். கடன் வாங்கியாவது வாங்கிவிடலாமா?

பதில்: வாங்காதீர்கள். அவர் 'விசேஷ வசதி' என்று காட்டியது அநேகமாகத் திரையில் உள்ளதைப் படித்துச் சொல்லும் டாக்பேக்காக இருக்கும். உங்கள் ஆண்ட்ராய்டு போனிலேயே அது இலவசமாக இருக்கிறது. செட்டிங்ஸில் ஆக்சஸபிலிட்டி பகுதிக்குப் போய்ப் பாருங்கள். நாளைக்குக் கணினிக்கு வரும்போது அதே வேலையைச் செய்யும் என்விடிஏ என்ற மென்பொருளும் இலவசம்தான். அதை உருவாக்கிய இருவருமே பார்வையற்றவர்கள்.

ஆனால் 5 வயதில் போனுக்கு முன்பே விரல் பழக வேண்டும். முட்டை அட்டையிலிருந்து ஆறு குழிகளை மட்டும் வெட்டுங்கள், வரிசைக்கு இரண்டாக மூன்று வரிசை. விரலால் தொட்டுப் படிக்கும் எழுத்தான பிரெயிலின் ஆறு புள்ளிகள் அதுதான். இடது மேல் குழியில் ஒரு எலுமிச்சம்பழம் வைத்தால் 'அ'. அதோடு இடது கீழ்க் குழியிலும் வைத்தால் 'க'. அவள் கையைப் பிடித்து இழுக்காதீர்கள். உங்கள் கை மேல் அவள் கை இருக்கட்டும். எப்போது வேண்டுமானாலும் கையை எடுத்துக்கொள்ளும் உரிமை அவளுக்கு இருக்க வேண்டும்.

"போன்தான் பேசுகிறதே, பிரெயில் எதற்கு?" என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். காதால் மட்டுமே படித்து வளரும் பிள்ளைக்கு மனமும் மணமும் ஒன்றுதான், பள்ளியும் பல்லியும் ஒன்றுதான். அப்படிப்பட்ட பிள்ளைகளை ஏழாம் வகுப்புக்கு வந்தபிறகு என்னிடம் அழைத்து வருகிறார்கள். போன் குரலை மின்னல் வேகத்தில் கேட்டுப் புரிந்துகொள்வார்கள், சொந்தப் பெயரைப் பிழையில்லாமல் எழுதத் தெரியாது. மனசு வலிக்கும்.

டாக்பேக்கை இயக்கி, போனைத் தினமும் பத்து நிமிடம் கொடுங்கள், போதும். தமிழ்க் குரலை வைத்து வேகத்தைக் குறைத்துவிடுங்கள். திரையில் உள்ளதை ஒருமுறை தொட்டால் அதன் பெயர் சொல்லும், இருமுறை தட்டினால் திறக்கும். பாட்டிக்கு அவளே போன் போடட்டும். ஹெட்போன் மட்டும் வேண்டாம். வீட்டின் மற்ற சத்தங்களும் அவளுக்குத் தேவை.

ஒரு விதிவிலக்கை அழுத்திச் சொல்ல வேண்டும். 'வெளிச்சம் மட்டும்' என்றது யார், எந்த வயதில்? கைக்குழந்தையாக இருந்தபோது பார்த்துச் சொன்னதா? தரையில் கிடக்கும் பளபளப்பான மிட்டாய்த் தாளை அவளாகவே போய் எடுக்கிறாளா? ஜன்னல் பக்கம் நகரும் ஆளைத் தலை திருப்பிப் பார்க்கிறாளா? ஆம் என்றால், குறைபார்வைப் பிரிவு உள்ள கண் மருத்துவமனையில் மறுபடி காட்டுங்கள். கொஞ்சம் பார்வை இருக்கிற குழந்தைக்குக் கறுப்பின் மேல் வெள்ளையாகப் பெரிய எழுத்து, சாய்வுப் பலகை, உருப்பெருக்கி என்று வழியே வேறு. புத்தகத்தை மூக்குக்கு அருகில் வைத்துப் படித்தால் கண் கெட்டுவிடும் என்று அதட்டுகிறார்களே, கெடாது. வைத்துப் படிக்கட்டும். இருக்கிற பார்வையைப் பயன்படுத்த விடாமல் குரலுக்கு மாற்றிவிடுவது அந்தக் குழந்தைக்குச் செய்யும் அநியாயம்.

அப்புறம், அடையாள அட்டை விஷயம். மாற்றுத்திறனாளிகளுக்கான யூடிஐடி அட்டைக்கு விண்ணப்பிக்கக் கட்டணம் கிடையாது. "ஆயிரம் கொடுங்கள், முடித்துத் தருகிறேன்" என்று கலெக்டர் ஆபீஸ் வாசலில் நிற்பவரிடம் சான்றிதழ் நகலைக்கூடக் கொடுக்காதீர்கள். வருமான வரம்புக்குள் இருந்தால் மத்திய அரசின் 'அடிப்' (ADIP) என்ற உதவிக் கருவித் திட்டத்தில் கருவிகள் இலவசமாகவே கிடைக்கும். மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் கேளுங்கள்.

கிடைத்த பிறகு கதை வேறு. முகாமில் பெட்டியைக் கையில் கொடுத்து போட்டோ எடுப்பார்கள். எப்படிப் பயன்படுத்துவது என்று சொல்லித்தர ஒருவரும் வீட்டுக்கு வருவதில்லை. பிளாஸ்டிக் உறைகூடப் பிரிக்காத கருவிகளை எத்தனையோ வீட்டு பீரோக்களில் பார்த்துவிட்டேன். கருவிக்கு நிதி ஒதுக்குகிறவர்கள் ஆசிரியருக்கு ஒதுக்க ஏன் இவ்வளவு தயங்குகிறார்கள்? அதனால் நீங்களே பள்ளிக் கல்வித் துறையின் வட்டார வள மையத்துக்குப் போய், மாற்றுத்திறன் குழந்தைகளுக்கான சிறப்பாசிரியரைப் பாருங்கள். "பிரெயில் தெரியுமா, வாரத்தில் எந்த நாள் வருவீர்கள்?" என்று நேராகக் கேளுங்கள். நாளைச் சொல்லாவிட்டால் எழுத்தில் மனு கொடுத்து, நகலில் கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள்.

டேப்லெட்காரரிடம் முன்பணம் ஏதும் கொடுத்திருந்தால், இந்த வாரமே ரசீதோடு போய்த் திருப்பிக் கேளுங்கள்.