ஐந்தாவது நாடகம் வேண்டாம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

எட்டு ஆண்டுகளாகச் சிறிய நாடகக் குழு ஒன்றை நடத்தி வருகிறேன். நான்கு நாடகங்களை எழுதி நானே நெறியாள்கையும் செய்திருக்கிறேன். முதல் நாடகம் ஐந்து முறை நிகழ்ந்தது, மற்றவை மூன்று நான்கு முறை. குழுவில் ஏழு பேர் இருக்கிறோம். எல்லோருமே வேறு வேலை பார்ப்பவர்கள். எங்களைப் பற்றி எந்த இதழும் எழுதியதில்லை. நிதியுதவிக்கு இரண்டு முறை விண்ணப்பித்தேன், இரண்டும் மறுக்கப்பட்டன. இப்போது ஐந்தாவது நாடகத்தை எழுதிக்கொண்டிருக்கிறேன். வயது முப்பத்துநான்கு ஆகிறது. வேலையை விட்டுவிட்டு முழுநேரமாக நாடகத்தில் இறங்கிவிடலாமா, அல்லது இளமைக்கால ஆசை என்று இதை மூடி வைத்துவிட வேண்டுமா? நாடகங்களைக் காணொளியாக்கி இணையத்தில் ஏற்றினால் பயன் உண்டா என்பதையும் சொல்லுங்கள்.

(பெயர் வேண்டாம்)

அன்புள்ள நண்பருக்கு,

என் பழைய நாடகம் ஒன்றின் மறுபதிப்புக்காக மெய்ப்புப் பார்த்துக்கொண்டிருந்த நாளில் உங்கள் கடிதம் வந்தது. அதை இரண்டு முறை படித்தேன். வேலையைப் பற்றியும் வயதைப் பற்றியும் நீங்கள் அவ்வளவு தவிப்போடு எழுதியிருந்தும், ‘முதல் நாடகம் ஐந்து முறை நிகழ்ந்தது, மற்றவை மூன்று நான்கு முறை’ என்று போகிறபோக்கில் எழுதிய வரியில்தான் நான் நின்றுவிட்டேன். வீட்டு முகவரியைச் சொல்வதுபோல அதைச் சொல்லிவிட்டுக் கடந்து போகிறீர்கள். உங்கள் நோய் அங்கேதான் இருக்கிறது.

வேலையைப் பற்றி நீண்ட ஆலோசனை எதுவும் என்னிடம் இல்லை. வங்க நாடகாசிரியர் பாதல் சர்க்கார் நகரமைப்புத் துறையில் பணியாற்றிக்கொண்டே ‘ஏவம் இந்திரஜித்’ நாடகத்தை எழுதினார்; 1967இல் சதாப்தி என்ற நாடகக் குழுவைத் தொடங்கியபோதும் அந்த வேலையில்தான் இருந்தார். பாரிசில் எரிவாயு நிறுவனம் ஒன்றில் எழுத்தராக இருந்த ஆந்த்ரே அந்த்வான், 1887இல் தன் தாயின் வீட்டு மேசை நாற்காலிகளைக் கைவண்டியில் ஏற்றிக்கொண்டுபோய் மேடையில் வைத்துத் ‘தேயாத்ர் லீப்ர்’ என்னும் அரங்கைத் தொடங்கி, வேலையையும் விட்டு, 1894இல் பெருங்கடனோடு அதைக் கைவிட்டு வெளியேறினார். இருவரையும் நாம் நினைவில் வைத்திருக்கிறோம். வேலை இருந்ததாலோ விட்டதாலோ அவர்கள் நாடகக்காரர்கள் ஆகவில்லை. உங்கள் வீட்டுக் கணக்கு உங்களுக்குத்தான் தெரியும், அதை என்னிடம் கேட்காதீர்கள். காணொளியைப் பொறுத்தவரை, பதிவு செய்யுங்கள். ஆனால் நீங்கள் பார்ப்பதற்காகச் செய்யுங்கள். இதழ்கள் எழுதவில்லை என்ற குறைக்கு நான் பதிலே சொல்லப்போவதில்லை. மூன்று மாலைகளில் தோன்றி மறைந்துவிடும் ஒன்றைப் பற்றி யார், எப்போது வந்து பார்த்து எழுத முடியும்?

அந்த்வானிடம் உங்கள் நோயின் மூல வடிவத்தைக் காணலாம். அவருடைய அரங்கில் பெரும்பாலான நிகழ்ச்சிகள் ஓரிரு இரவுகளோடு முடிந்துவிடும்; அடுத்த மாதம் சந்தாதாரர்களுக்குப் புதிய நாடகங்கள் வேண்டும். வரலாற்றை மாற்றியவர் என்பதால் அவரை மன்னித்துவிடலாம். நீங்களும் நானும் வரலாற்றை மாற்றப்போவதில்லை, ஆகவே நாம் நம் நாடகங்களைக் கொஞ்சம் பொறுமையாகச் செய்யலாம்.

எழுதுபவரும் நெறியாளரும் ஒருவராகவே இருக்கும் சிறு குழுவில் ஒரு சண்டை நடக்காமல் போய்விடுகிறது. வேறொருவர் நெறியாளராக இருந்தால், ‘இந்தப் பேச்சு எதற்கு, அவள் எழுந்து போவதிலேயே எல்லாம் தெரிகிறதே’ என்று ஒத்திகையின் மூன்றாம் நாளே கேட்டிருப்பார். எழுதியவர் கோபித்துக்கொண்டு தேநீர் குடிக்கப் போயிருப்பார், திரும்பி வரும்போது அந்தப் பேச்சில் பாதி அடிக்கப்பட்டிருக்கும். உங்களுக்குள்ளேயே இருக்கும் நெறியாளரோ உங்களுக்குள்ளேயே இருக்கும் எழுத்தாளரிடம் மிகவும் மரியாதையானவர். அவர்களுக்கு இடையே வந்து உட்காரக்கூடிய மூன்றாவது ஆள் பார்வையாளர் மட்டுமே. அவரும் முதல் மூன்று நிகழ்வுகளில் வருபவர் அல்லர். அந்த மூன்றிலும் நிறைந்திருப்பவர்கள் உங்கள் நண்பர்கள், நடிகர்களின் உறவினர்கள், மற்ற குழுக்களைச் சேர்ந்தவர்கள். அவர்கள் சிரிக்க வேண்டிய இடத்துக்கு முன்பே சிரித்துவிடுவார்கள். உங்களை யாரென்றே அறியாத, பாதியில் எழுந்துபோக எந்தத் தயக்கமும் இல்லாத ஒருவர் உங்கள் நாடகத்துக்கு வந்து சேரும் நாளில், நீங்கள் அதை மூட்டைகட்டிவிட்டு அடுத்ததை எழுதிக்கொண்டிருக்கிறீர்கள்.

பிரெஞ்சு மொழியில் எழுதிய நாடகாசிரியர் அயனெஸ்கோவின் ‘வழுக்கைத்தலைப் பாடகி’ நாடகத்தை 1950இல் நெறியாளர் நிக்கோலா பத்தாய் பாரிசில் முதலில் அரங்கேற்றியபோது பார்க்க வந்தவர்கள் மிகச் சிலர். அதே பத்தாயின் நெறியாள்கையில் அது 1957இல் ஊஷேத் என்ற அரங்குக்கு வந்தது. நூறு பேர்கூட உட்கார முடியாத இடம் அது. தலைமுறை தலைமுறையாக நடிகர்கள் மாறி மாறி அங்கே அந்த நாடகம் நிகழ்ந்து வருகிறது. ஆனால் நான் சொல்ல வந்தது அந்த நீண்ட ஆயுளைப் பற்றி அல்ல. அதன் முடிவில் நாடகம் மறுபடியும் முதலிலிருந்து தொடங்குகிறது. தொடக்கத்தில் ஸ்மித் தம்பதி இருந்த இடத்தில் இப்போது மார்ட்டின் தம்பதி உட்கார்ந்துகொண்டு அதே சொற்களைப் பேசுகிறார்கள். இரண்டு தம்பதிகளில் யார் யாராக இருந்தாலும் ஒன்றுதான் என்று அந்த நாடகம் சொல்ல வேண்டியது முழுவதும் அந்த ஒரு மாற்றத்தில் வந்துவிடுகிறது. முதலில் அப்படி இருக்கவில்லை, ஸ்மித் தம்பதியே மீண்டும் தொடங்கினார்கள். ஆளை மாற்றும் எண்ணம் நூறாவது நிகழ்வில்தான் தனக்கு வந்தது என்று அயனெஸ்கோவே எழுதி வைத்திருக்கிறார். நீங்கள் நான்காவது நிகழ்வில் நிறுத்திவிடுகிறீர்கள். உங்கள் நாடகத்தின் முடிவு இன்னும் உங்களுக்கே வந்து சேரவில்லை என்று நான் சொன்னால் கோபிப்பீர்களா?

நானும் கோபித்தவன்தான். மெய்ப்புப் பார்த்துக்கொண்டிருந்ததாகச் சொன்னேனே, அந்த நாடகத்தை எழுதியபோது எனக்கு உங்களைவிட வயது குறைவு. தந்தை இறந்தபின் தாயும் மகனும் வீட்டுப் பொருட்களைப் பிரித்து எடுத்துக்கொள்ளும் கதை. இரண்டாம் காட்சியில் தாய்க்கு ஒன்றரைப் பக்கப் பேச்சு ஒன்று எழுதியிருந்தேன், அதை மனப்பாடமாகச் சொல்லிக் காட்டித் திரிந்த காலம் அது. நெறியாளர் என்னைவிட இருபது வயது மூத்தவர், அதிகம் பேசமாட்டார், நிகழ்வு முடிந்ததும் ஒவ்வொரு காட்சியும் எத்தனை நிமிடம் ஓடியது என்று ஒத்திகைப் பிரதியின் ஓரத்தில் பென்சிலால் குறித்துக்கொள்வார். நடிகர்கள் தங்கள் மௌனங்களை ரசிக்கத் தொடங்கினால் நாடகம் நீளும், கடமைக்குச் சொல்லத் தொடங்கினால் சுருங்கும், ஆகவே நாடகம் எங்கே செத்துக்கொண்டிருக்கிறது என்பதைக் கடிகாரம் முதலில் சொல்லிவிடும் என்பார். பத்தாவது நிகழ்வுக்குப் பிறகு எங்கள் நாடகம் உண்மையிலேயே செத்துப்போனது. எல்லோருக்கும் சலித்துவிட்டது, நான் போவதையே நிறுத்திவிட்டேன். அவர் மட்டும் நிறுத்தவில்லை.

இருபத்துமூன்றாவது நிகழ்வில், அந்தப் பேச்சின் இரண்டாவது வரியில் மின்சாரம் போய்விட்டது. நடிகை பேச்சை நிறுத்திக்கொண்டு, கையிலிருந்த இறந்தவரின் வேட்டியை இருட்டிலேயே மடிக்கத் தொடங்கினார். துணி உதறும் ஓசை மட்டும் கேட்டது. விளக்கு வந்தபோது எல்லா வேட்டிகளும் அடுக்கப்பட்டிருந்தன; அவர் அந்தப் பேச்சுக்குத் திரும்பவில்லை, நேராக அடுத்த வசனத்துக்குப் போய்விட்டார். மறுநாள் நெறியாளர் என்னை அழைத்து அந்தப் பேச்சை எடுத்துவிடப்போவதாகச் சொன்னார். நான் கத்தினேன். என் பெயரை எடுத்துவிட்டு நாடகத்தை நடத்திக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டு வந்து, ஆறு மாதம் அவரோடு பேசவில்லை. பிறகு ஒருநாள், சொல்லாமல் போய்க் கடைசி வரிசையில் உட்கார்ந்து முப்பத்தெட்டாவது நிகழ்வைப் பார்த்தேன். எனக்கு முன்னால் இருந்த முதியவர் ஒருவர், அந்தத் துணி மடிக்கும் நேரம் முழுவதும் தன் மூக்குக் கண்ணாடியைக் கழற்றிக் கையில் வைத்திருந்தார். நான் எழுதியதில் மிகச் சிறந்த காட்சி அது. அதை நான் எழுதவில்லை.

இதில் வருத்தம் என்னவென்றால், அந்த வடிவம் இப்போது எங்குமே இல்லை. நாடகம் அச்சானபோது வீம்பினால் முதல் பிரதியையே கொடுத்தேன். நெறியாளர் இறந்தபின் பென்சில் குறிப்புகள் நிறைந்த அந்த ஒத்திகைப் பிரதி பழைய தாள்களோடு தாளாகப் போய்விட்டது. எஞ்சியிருப்பது ஒன்றரைப் பக்கப் பேச்சு உள்ள புத்தகம்தான், அதற்குத்தான் இன்று நான் மெய்ப்புப் பார்க்கிறேன்.

நீங்கள் சொல்லப்போகும் சமாதானங்கள் எனக்குத் தெரியும். நிதி தருகிறவர்கள் பெரும்பாலும் புதிய தயாரிப்புக்குத்தான் தருகிறார்கள், பதினேழாவது நிகழ்வுக்கு என்று யாரும் விண்ணப்பப் படிவம் அச்சிடுவதில்லை. விழாக்காரர்கள் ‘புதிதாக என்ன இருக்கிறது?’ என்று கேட்கிறார்கள். நடிகர் ஒருவர் ஊர் மாறிப்போனால் நாடகமே நின்றுவிடுகிறது. இவை எல்லாம் உண்மை, ஆனால் இவற்றில் ஒன்றுகூட உங்கள் நான்கு நாடகங்களைக் கொல்லவில்லை. அவற்றை நீங்கள்தான் கொன்றீர்கள், ஏனென்றால் அரங்கேற்ற நாளின் அந்தப் பரபரப்பு உங்களுக்குப் பிடித்துவிட்டது. பழைய நாடகத்தை இருபது பேருக்கு முன்னால் மீண்டும் நடத்துவதில் மாலை மரியாதை இருக்காது. போலந்து நெறியாளர் ததேயுஷ் கந்தோர் 1975இல் உருவாக்கிய ‘இறந்த வகுப்பு’ ஆயிரத்துக்கும் மேற்பட்ட முறை நிகழ்ந்தது. அதில் கந்தோர் ஒவ்வொரு முறையும் மேடையிலேயே நின்று, நடிகர்களின் அருகே போய்க் கையசைவால் வேகத்தைக் கூட்டியும் குறைத்தும், தன் நாடகத்தைத் தானே பார்த்துக்கொண்டிருந்தார். நீங்கள் மூன்றாவது நிகழ்வின்போது எங்கே நின்றுகொண்டிருந்தீர்கள்? நுழைவாயிலில் விருந்தினர்களை வரவேற்றுக்கொண்டிருந்திருப்பீர்கள் என்று நினைக்கிறேன், தவறாக இருந்தால் மன்னியுங்கள்.

எட்டு ஆண்டுகள் ஏழு பேரைச் சேர்த்து வைத்திருப்பது எளிதான காரியம் அல்ல. என்னால் அது முடியவில்லை, நான் ஒரே ஒரு பேச்சுக்காகக் குழுவை விட்டு ஓடிவந்தவன். அதனால்தான் இவ்வளவு உரிமையோடு திட்டுகிறேன். எழுதிக்கொண்டிருக்கும் ஐந்தாவது நாடகத்தை எங்காவது பத்திரமாக வையுங்கள். முதல் நாடகத்தில் நடித்தவர்களில் எத்தனை பேர் இன்னும் உங்களோடு இருக்கிறார்கள் என்று பாருங்கள். பிரதியைக் கொடுக்காமல், எது நினைவிருக்கிறதோ அதை மட்டும் நடித்துக் காட்டச் சொல்லுங்கள். அவர்கள் மறந்துபோன வரிகளைப் பென்சிலால் குறித்துக்கொள்ளுங்கள். இரண்டு பெட்டிகளில் அடங்காத மேடைப் பொருள் எதையும் திரும்ப எடுக்காதீர்கள். ஆறாவது நிகழ்வுக்கு என்னை அழைக்க வேண்டாம், இருபதாவது எப்போது என்று மட்டும் எழுதுங்கள், நான் சொல்லாமல் வந்து கடைசி வரிசையில் உட்கார்ந்துகொள்கிறேன்.