குறைந்த காலமே ஓடி மறைந்த தொலைக்காட்சித் தொடர்களில், டிவிடியாக வெளிவர வேண்டும் என்று நீங்கள் ஏங்கும் தொடர் எது?

எனக்கு அது ஒரே ஒரு தொடர்தான்: ‘ஃபிராங்க்ஸ் பிளேஸ்’. அமெரிக்காவின் சிபிஎஸ் தொலைக்காட்சியில் 1987 செப்டம்பரில் தொடங்கி, ஒரே சீசனில் 22 எபிசோடுகள் மட்டும் ஓடி, 1988-இல் நிறுத்தப்பட்ட அரைமணி நேரத் தொடர் அது. கேசட் காலத்தில் கேசட்டாகவும் வரவில்லை. டிவிடி காலத்தில் டிவிடியாகவும் வரவில்லை. அது பிறந்து மறைந்தபோது நான் தமிழ்நாட்டில் பள்ளி மாணவன். அப்படியொன்று இருந்ததே எனக்குத் தெரியாது.

தெரியவந்தது 1997-இல், லூசியானா மாநிலத்தின் தலைநகரான பேட்டன் ரூஜில் முதுகலை படித்துக்கொண்டிருந்தபோது. நான் குடியிருந்த மாடிக்குக் கீழ்வீட்டில், நியூ ஆர்லியன்ஸில் பிறந்து வளர்ந்து, பள்ளி ஆசிரியையாக ஓய்வு பெற்ற கறுப்பினப் பெண்மணி ஒருவர் இருந்தார். ஒரு ஞாயிற்றுக்கிழமை அவர் கொடுத்தனுப்பிய ‘கம்போ’ என்னும் குழம்பில் வெண்டைக்காய் மிதப்பதைக் கண்டு, எங்கள் வீட்டிலும் குழம்பில் வெண்டைக்காய் போடுவோம் என்று சொல்லப்போக, பேச்சு அவருடைய ஊர்ச் சமையலுக்கும் அங்கிருந்து இந்தத் தொடருக்கும் நகர்ந்தது. உள்ளே போனவர், தொடர் ஒளிபரப்பானபோது வீட்டிலேயே பதிவு செய்து, நீல மையில் அதன் பெயர் எழுதி ஒட்டிய வீடியோ கேசட் ஒன்றைக் கொண்டுவந்து என் கையில் வைத்தார். “இது என் ஊர், பேபி. திருப்பித் தர அவசரமில்லை” என்றார். அவருக்கு எல்லோரும் பேபிதான்.

கதை எளியது. ஃபிராங்க் பாரிஷ் பாஸ்டனில் வாழும் பேராசிரியர். சிறு வயதிலேயே பிரிந்துபோன தந்தை இறந்ததும், நியூ ஆர்லியன்ஸில் அவர் நடத்திவந்த ‘ஷே லூசியான்’ என்ற கிரியோல் உணவகம், அதாவது பிரெஞ்சு, ஸ்பானிய, ஆப்பிரிக்கக் கலப்பில் உருவான அந்த ஊர்ச் சமையலைப் பரிமாறும் உணவகம், மகனுக்கு வந்து சேர்கிறது. விற்றுவிட்டுப் போய்விடலாம் என்று வருகிறவரை அங்குள்ள மூத்த பரிமாறுநரான மிஸ் மேரிக்கு விட மனமில்லை. மாந்திரீகம் செய்துவிடுகிறார், ஊர் திரும்பிய ஃபிராங்குக்குத் தொட்டதெல்லாம் வினையாகி, கடைசியில் உணவகத்துக்கே வந்து சேர்கிறார். இந்த மிஸ் மேரி பாத்திரம் ஒரு பொக்கிஷம். வயதாகிவிட்டதால் அவர் பல ஆண்டுகளாக வந்துபோகும் பழைய வாடிக்கையாளர்களுக்கு மட்டுமே பரிமாறுவார். புதியவர்களை ஏறிட்டும் பார்க்கமாட்டார். நம் ஊர்ப் பழைய ஓட்டல்களில் முதலாளியைவிட அதிகாரம் செலுத்தும் பெரியவர்களைக் கண்டவர்களுக்கு இவரை உடனே அடையாளம் தெரியும்.

தொடரை உருவாக்கியவர் ஹியூ வில்சன். ‘போலீஸ் அகாடமி’ வரிசையின் முதல் படத்தை இயக்கியவரும் இவரே என்றால் பலரால் நம்ப முடியாது. அந்தக் கூத்துக்கும் இந்த நிதானத்துக்கும் அவ்வளவு தூரம். ஃபிராங்காக நடித்த டிம் ரீட் தயாரிப்பிலும் பங்கு வகித்தார். ஃபிராங்கின் மனம் கவர்ந்த ஹன்னாவாக வந்தவர் அவருடைய மனைவி டாஃப்னி மேக்ஸ்வெல் ரீட். சமையல்காரர் பிக் ஆர்தராக வந்த டோனி பர்ட்டனை ‘ராக்கி’ படங்களில் குத்துச்சண்டைப் பயிற்சியாளராகப் பலர் பார்த்திருப்பீர்கள். ஷே லூசியானுக்கு முன்மாதிரியாக நியூ ஆர்லியன்ஸில் ‘ஷே எலீன்’ என்ற உண்மையான உணவகம் இருந்தது. அதன் சமையற்கலைஞர் ஆஸ்டின் லெஸ்லி பொரித்த கோழிக்குப் பேர்போனவர். 2005-இல் கத்ரீனா புயலுக்குப் பின் ஊரைவிட்டு வெளியேறி அட்லாண்டாவில் இறந்தார். வெள்ளம் வடிந்த நகரில் அவருக்காகத்தான், புயலுக்குப் பிறகான முதல் ஜாஸ் இறுதி ஊர்வலம் வாத்தியங்களோடு நடந்தது.

அக்கால அமெரிக்க நகைச்சுவைத் தொடர்கள் பெரும்பாலும் பார்வையாளர்கள் முன் மூன்று நான்கு கேமராக்கள் வைத்து எடுக்கப்பட்டன. சிரிக்க வேண்டிய இடத்தில் சிரிப்பொலியும் சேர்ந்து வரும். ‘ஃபிராங்க்ஸ் பிளேஸ்’ ஒற்றைக் கேமராவில், திரைப்படம்போல, சிரிப்பொலியே இல்லாமல் எடுக்கப்பட்டது. மங்கலான மஞ்சள் விளக்கு, பின்னால் எங்கோ ஒலிக்கும் பழைய பாட்டு, பாதியில் நிற்கும் உரையாடல். எங்கே சிரிப்பது, எங்கே மனம் கனப்பது என்பதைப் பார்ப்பவரே முடிவு செய்துகொள்ள வேண்டியிருந்தது. நகைச்சுவை என்று அறிவிக்கப்பட்ட தொடரில் சில வாரம் ஒரு சிரிப்புகூட வராது. அன்றைய பார்வையாளர்களில் ஒரு பகுதியினர் இதனாலேயே விலகியிருப்பார்கள் என்பது என் ஊகம். அது போதாதென்று ஒளிபரப்பாகும் கிழமையும் நேரமும் மாறிக்கொண்டே இருந்தன. ஆனால் அமெரிக்கத் தொலைக்காட்சிக்கென வழங்கப்படும் எம்மி விருதுகளில், 1988-ஆம் ஆண்டு, ‘தி பிரிட்ஜ்’ என்ற எபிசோடுக்காக ஹியூ வில்சனுக்குச் சிறந்த எழுத்துக்கான விருதும், அதே எபிசோடில் நடித்த பியா ரிச்சர்ட்ஸுக்குச் சிறப்புத் தோற்றத்தில் நடித்தவருக்கான விருதும் கிடைத்தன. பரிசும் கிடைத்தது, தொடரும் போயிற்று.

ஒரு எபிசோடை மட்டும் சற்று விரிவாகச் சொல்கிறேன். ஊரின் மதிப்புமிக்க கறுப்பினச் சங்கம் ஒன்று ஃபிராங்கை உறுப்பினராகச் சேர அழைக்கிறது. அவரும் மகிழ்ந்துபோகிறார். உணவக ஊழியர்கள் மட்டும் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்கிறார்கள். பிறகுதான் விஷயம் வெளிவருகிறது: அது வெளிர்நிறம் கொண்ட கிரியோல் குடும்பங்களின், அதாவது கலப்பு வம்சாவளிக் குடும்பங்களின் சங்கம், கருத்த நிறம் கொண்டவர்களுக்கு அங்கே இடமில்லை. பழுப்புநிறக் காகிதப் பையை முகத்தருகே பிடித்து, அதைவிடக் கருப்பாக இருந்தால் உள்ளே விடாத வழக்கம் அந்த ஊர்ப்பக்கம் உண்மையிலேயே இருந்தது. இப்போது ஃபிராங்கை அழைத்ததும் அன்பினால் அல்ல. சங்கத்துக்குள் நடக்கும் ஒரு போட்டியில் அவரைக் காயாக நகர்த்துகிறார்கள். வகுப்பில், குழுவில், வேலையில் என்று வாழ்நாளெல்லாம் தான் ‘ஒரே கறுப்பனாக’ இருந்தாயிற்று, இனிக் கறுப்பர்களின் சங்கத்திலும் ஒரே கறுப்பனாக இருக்கத் தயாரில்லை என்ற பொருளில் ஃபிராங்க் சொல்லிவிடுகிறார். அதற்குமேல் பிரசங்கம் கிடையாது. ‘சிவந்த நிறமுள்ள மணமகள் தேவை’ என்று ஞாயிற்றுக்கிழமை நாளிதழ்களில் படித்தே வளர்ந்த எனக்கு, அந்தக் காகிதப் பையை யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை.

இப்படிப்பட்ட தொடர் ஏன் வரவில்லை? தொடரின் உரிமை பல கைகளில் சிதறிக் கிடப்பது சில தொடர்களுக்குத் தடையாக அமையும். இதற்கு அந்தச் சிக்கல் பெரிதாக இல்லை. தயாரித்தது வயாகாம், ஒளிபரப்பியது சிபிஎஸ், பின்னாளில் அவ்விரண்டும் ஒரே குடையின்கீழ் வந்துவிட்டன. முடிச்சு பாட்டில் இருக்கிறது. ஒரு பாட்டைப் படத்தோடு சேர்க்க இரண்டு அனுமதிகள் வேண்டும்: மெட்டுக்கும் வரிகளுக்கும் உரியவரிடம் ஒன்று, குறிப்பிட்ட அந்த ஒலிப்பதிவுக்கு உரியவரிடம் இன்னொன்று. இளையராஜா பாடல்களின் உரிமை குறித்த வழக்குச் செய்திகளைத் தொடர்ந்து படிப்பவர்களுக்கு இந்த இரட்டை உரிமை புதிதல்ல. எண்பதுகளில் தொலைக்காட்சிக்காகப் பாட்டு வாங்கியவர்கள் பெரும்பாலும் ஒளிபரப்புக்கு மட்டும், அதுவும் சில ஆண்டுகளுக்கு மட்டும் அனுமதி வாங்கினார்கள். தொடரின் முழுத் தொகுப்பைக் காசு கொடுத்து வாங்கி அலமாரியில் அடுக்கிவைப்பார்கள் என்று அன்று யார் நினைத்தார்கள்? இன்று வெளியிட வேண்டுமென்றால் ஒவ்வொரு பாட்டுக்கும் புதிதாகப் பேரம் பேச வேண்டும். 22 எபிசோடுகளே உள்ள, பெரும்பாலோர் மறந்துவிட்ட தொடருக்கு அந்தச் செலவைச் செய்தால் போட்ட பணம் திரும்பாது என்று கணக்குப் பார்ப்பவர்கள் சொன்னால், அதில் தவறு காண முடியாது.

பாட்டை மாற்றிவிட்டால் என்ன என்று கேட்கலாம். அப்படிச் செய்தால் என்ன ஆகும் என்பதற்குச் சான்று, ஹியூ வில்சன் இதற்கு முன் உருவாக்கிய ‘டபிள்யூகேஆர்பி இன் சின்சினாட்டி’ தொடரிலேயே இருக்கிறது. டிம் ரீட் அதிலும் நடித்திருந்தார். 1978 முதல் 1982 வரை ஓடிய அந்தத் தொடர் ஒரு வானொலி நிலையத்தைப் பற்றியது. எனவே உண்மையான ராக் பாடல்கள் அதில் ஒலித்துக்கொண்டே இருந்தன. திரைப்படச் சுருளில் எடுப்பதைவிட வீடியோ நாடாவில் எடுத்தால் பாட்டுக் கட்டணம் குறைவு என்ற காலம் அது. அதற்காகவே அதை நாடாவில் எடுத்தார்கள். உரிமக் காலம் முடிந்ததும், மறுஒளிபரப்பில் பாடல்களை எடுத்துவிட்டு ஊர்பேர் தெரியாத இசையை நிரப்பினார்கள். பாட்டின் மேல் பாத்திரங்கள் பேசிய இடங்களில் பாட்டை மட்டும் பிரித்தெடுக்க முடியாததால், வேறு குரல்களைக் கொண்டு வசனத்தையே மீண்டும் பதிவு செய்தார்கள். 2007-இல் வந்த முதல் சீசன் டிவிடியிலும் பல பாட்டுகள் இல்லை, ரசிகர்கள் கொதித்தார்கள். 2014-இல் ஷவுட் ஃபேக்டரி நிறுவனம் பெரும்பாலான பாட்டுகளுக்கு அனுமதி பெற்று முழுத் தொகுப்பை வெளியிட்ட பிறகுதான் ஓரளவு சமாதானம் உண்டாயிற்று. 18 எபிசோடுகளே எடுக்கப்பட்ட ‘ஃப்ரீக்ஸ் அண்ட் கீக்ஸ்’ தொடரை எல்லாப் பாட்டுகளோடும் 2004-இல் டிவிடியாகக் கொண்டுவந்ததும் இதே நிறுவனம்தான். ஆக, மனம் வைத்தால் நடக்காத காரியமில்லை.

‘ஃபிராங்க்ஸ் பிளேஸ்’ விஷயத்தில் என் நிலை இது. உணவகத்தின் பின்னணியில் ஒலிக்கும் பாட்டுகளில் சிலவற்றுக்கு அனுமதி கிடைக்காவிட்டால், மனம் வலித்தாலும் பொறுத்துக்கொள்வேன். தலைப்புப் பாட்டில் கை வைத்தால் எனக்கு அந்தத் தொகுப்பே வேண்டாம். நியூ ஆர்லியன்ஸைப் பிரிந்திருப்பது என்றால் என்னவென்று தெரியுமா என்று கேட்கும், ஜாஸ் இசைக்கலைஞர் லூயி ஆம்ஸ்ட்ராங்கின் பாட்டு அது. அந்தக் கரகரத்த குரலுக்குக் கீழே நகரத்தின் பழுப்பேறிய பழைய புகைப்படங்கள் ஒவ்வொன்றாக நகரும். ஒரு நிமிடம்போல் ஓடும் அந்தத் தொடக்கத்திலேயே, தந்தையின் ஊரை அறியாமல் வளர்ந்த மகனின் கதை பாதி சொல்லப்பட்டுவிடுகிறது. அதன் இடத்தில் கூலிக்கு வாசித்த கிளாரினெட்டை வைத்தால், உப்பில்லாத கம்போவைப் பரிமாறியதுபோல் இருக்கும். ஸ்ட்ரீமிங்கில் வந்தால் போதாதா என்று கேட்பவர்களுக்கு ஒன்று சொல்வேன்: அதற்கும் இதே அனுமதிகள் வேண்டும், அந்த உரிமக் காலம் முடிந்தால் ஒருநாள் காலையில் தொடரும் காணாமல் போயிருக்கும். விளம்பரங்களை நீக்கினால் மொத்தம் ஏறக்குறைய ஒன்பது மணி நேரம், மூன்று நான்கு வட்டுகளில் அடங்கிவிடும். அலமாரியில் நுழைந்த வட்டை யாரும் திரும்பக் கேட்கமாட்டார்கள்.

கீழ்வீட்டு அம்மையார் கொடுத்த கேசட்டுக்கு வருகிறேன். நான் படிப்பை முடித்துப் புறப்பட்டபோது அதைத் திருப்பிக் கொடுக்கப் போனேன், வைத்துக்கொள்ளச் சொல்லிவிட்டார். சென்னைக்கு வந்த பிறகுதான், என்டிஎஸ்சி என்னும் வேறொரு ஒளிபரப்பு முறையில் பதிவான அமெரிக்கக் கேசட் நம் ஊர் டெக்கில் ஓடாது என்பது புத்தியில் உறைத்தது. பரணில் போட்டுவைத்தேன். சில ஆண்டுகள் கழித்து எடுத்துப் பார்த்தபோது, கண்ணாடிச் சாளரத்தின் வழியாக நாடாவின் விளிம்பெல்லாம் வெள்ளைப் பூஞ்சை தெரிந்தது. சென்னைக் காற்றின் ஈரம் நாடாவையும் விடுவதில்லை. ரிச்சி தெருவில் விசாரித்து, பழைய கேசட்டுகளைக் கணினிக்கு மாற்றித் தரும் ஒருவரைப் பிடித்தேன். வாங்கித் திருப்பிப் பார்த்துவிட்டு, “சார், இது என்டிஎஸ்சி. அதுக்குத் தனி டெக் இருக்கு, ஓடும். ஆனா பங்கஸ் நிறைய இருக்கு. துடைச்சுத் துடைச்சுத்தான் ஓட்டணும், நாலு நாள் ஆகும்” என்றார்.

நான்காம் நாள் போனேன். ஒன்பது எபிசோடுகள் தேறியிருந்தன. நிறம் வெளுத்திருந்தது, இரண்டு இடங்களில் நாடா இழுபட்டிருந்ததால் ஆம்ஸ்ட்ராங்கின் குரல் தண்ணீருக்கு அடியிலிருந்து வருவதுபோல் நெளிந்தது. ‘தி பிரிட்ஜ்’ அதில் இல்லை. காகிதப் பை எபிசோடு இருந்தது. வட்டில் பதியுமுன் அவர் ஒரு சந்தேகம் கேட்டார்: “நடுவுல அரை மணி நேரம் வேற ஏதோ ப்ரோக்ராம் ஓடுது சார். தப்பா ரெக்கார்டு ஆயிருக்கு. வெட்டிடவா?”

எனக்குப் புரிந்துவிட்டது. கிழமையை மாற்றியது தெரியாமல், அந்த அம்மையார் வழக்கமான நாளுக்கே டைமர் வைத்திருக்கிறார். வெட்ட வேண்டாம், அப்படியே இருக்கட்டும் என்றேன்.