பாக்டீரியாவை மாற்றும் படிப்பு: மகளைச் சேர்க்கலாமா?

கேள்வி: பாலக்கோடு பக்கம் எங்களுக்குக் கொஞ்சம் மாந்தோப்பும் தக்காளித் தோட்டமும் இருக்கின்றன. மகள் ஆறாவதிலிருந்தே அரசுப் பள்ளிதான், தமிழ் வழி. இப்போது பிளஸ் டூவில் பயோ-மேத்ஸ் குரூப் முடித்திருக்கிறாள். பயோடெக்னாலஜி படித்து, பாக்டீரியாவின் மரபணுவை மாற்றும் வேலைக்குத்தான் போவேன் என்கிறாள். “கிருமியோடு விளையாடுகிற படிப்பு, வேலையும் கிடைக்காது” என்கிறார் என் மைத்துனர். ஒரு தனியார் பொறியியல் கல்லூரியில் மேனேஜ்மெண்ட் கோட்டாவில் இடம் தருவதாகச் சொல்கிறார்கள். சேர்க்கலாமா?

பதில்: உங்கள் மைத்துனர் சொன்னதில் பாதி சரி. வேலை விஷயத்தில் அவர் பயப்படுவதில் நியாயம் இருக்கிறது. கிருமி விஷயத்தில் இல்லை. அதை முதலில் பார்த்துவிடுவோம்.

உங்கள் மகள் கல்லூரி ஆய்வகத்தில் செய்யப்போவது ஏறக்குறைய இதுதான். ஈ.கோலை என்ற பாக்டீரியாவைக் கால்சியம் குளோரைடு கரைசலில் போட்டு ஐஸில் வைப்பார்கள். வேண்டிய மரபணுவைச் சுமக்கும், பிளாஸ்மிட் எனப்படும் வளைய வடிவ டிஎன்ஏவை அதில் சேர்த்து, 42 டிகிரி வெந்நீரில் முக்கால் நிமிடம் வைத்து, உடனே மறுபடி ஐஸில் வைப்பார்கள். இந்தச் சூட்டு அதிர்ச்சியில் சில பாக்டீரியாக்களுக்குள் பிளாஸ்மிட் புகுந்துவிடும். எவற்றில் புகுந்தது என்று எப்படித் தெரியும்? பிளாஸ்மிட்டிலேயே, பாக்டீரியாவைக் கொல்லும் ஆம்பிசிலின் மருந்தைத் தாங்கும் மரபணு ஒன்றும் இருக்கும். ஆம்பிசிலின் கலந்த தட்டில் பரப்பி 37 டிகிரியில் ராத்திரி முழுக்க விட்டால், பிளாஸ்மிட் கிடைத்தவை மட்டும் புள்ளி புள்ளியாக வளர்ந்து நிற்கும். காலையில் அந்தப் புள்ளிகளை முதல் தடவை பார்த்தவர்களுக்கு இந்தத் துறையை விட்டுப் போக மனசு வராது. எனக்கு வரவில்லை.

இதற்குப் பெரும்பாலும் பயன்படுத்துவது கே-12 என்ற ஈ.கோலை வகையும் அதிலிருந்து வந்தவையும். 1922-ல் பிரித்தெடுத்தது, ஆய்வகத்திலேயே வளர்ந்து வளர்ந்து, கூண்டுக் கோழி மாதிரி ஆகிவிட்டது. வெளியே போய்ப் பிழைக்கும் சாமர்த்தியம் அதற்குக் குறைவு. வேலை முடிந்ததும் தட்டுகளை ஆட்டோகிளேவில் 121 டிகிரியில் வேகவைத்துத்தான் குப்பையில் போடுவார்கள். ஆட்டோகிளேவ் என்றால் பெரிய பிரஷர் குக்கர், அவ்வளவுதான். மரபணு மாற்ற ஆராய்ச்சி நடக்கும் நிறுவனங்களில் உயிரிப் பாதுகாப்புக் குழு இருக்க வேண்டும் என்று 1989 முதலே மத்திய அரசு விதி இருக்கிறது.

மைத்துனருக்கு இன்னொன்றும் சொல்லுங்கள். ஒரு காலத்தில் சர்க்கரை நோயாளிகளுக்கான இன்சுலினைப் பன்றி, மாட்டுக் கணையத்திலிருந்துதான் எடுத்தார்கள். 1978-ல் மனித இன்சுலினை ஈ.கோலையிலேயே உருவாக்கினார்கள், 1982-ல் அது அமெரிக்காவில் விற்பனைக்கு அனுமதி பெற்றது. நம் பயோகான் நிறுவனம் பிக்கியா என்ற ஈஸ்ட்டை மாற்றி அதே இன்சுலினைத் தயாரிக்கிறது. அந்த நிறுவனம் இருப்பது பெங்களூர் எலக்ட்ரானிக் சிட்டி பக்கம், உங்கள் ஊர்த் தக்காளி ஓசூர் வழியாகப் போகும் அதே சாலையில்.

சரி, இப்போது வேலை. பயோடெக்னாலஜியில் பி.டெக் முடித்துவிட்டு ஐடி கம்பெனிக்குப் போனவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். பி.எஸ்சி மட்டும் முடித்தால் கிடைப்பது பெரும்பாலும் மருந்து, உணவு, பால் ஆலைகளின் தரக்கட்டுப்பாட்டு ஆய்வக வேலை. கிருஷ்ணகிரி மாங்கூழ் ஆலைகளில்கூட ஈஸ்ட், பூஞ்சை எண்ணிக்கை பார்க்க ஆள் தேவை. கௌரவமான வேலைதான், ஆனால் மகள் கேட்பது அது இல்லை. மரபணுவை மாற்றும் வேலை பெரும்பாலும் எம்.எஸ்சி-க்கு அப்புறம்தான் ஆரம்பிக்கும். அதனால் இளங்கலையில் பணத்தைக் கொட்டாதீர்கள்.

ஆறாவதிலிருந்து அரசுப் பள்ளி என்பதால் பொறியியல், வேளாண் படிப்புகளில் 7.5 சதவீத உள்ஒதுக்கீடு அவளுக்கு உண்டு. அதில் இடம் கிடைத்தால் கல்விக் கட்டணத்தை அரசே கட்டுகிறது. அண்ணா பல்கலைக்கழகத்தின் இண்டஸ்ட்ரியல் பயோடெக்னாலஜி, கோவை வேளாண் பல்கலைக்கழகத்தின் பி.டெக் பயோடெக்னாலஜி இரண்டுக்கும் விண்ணப்பம் போடுங்கள். கிடைக்கவில்லை என்றால் பெரியார் பல்கலைக்கழகத்தோடு இணைந்த, பக்கத்திலுள்ள ஒரு அரசுக் கல்லூரியில் பி.எஸ்சி. மைக்ரோபயாலஜி, பயோகெமிஸ்ட்ரி, ஏன், வெறும் வேதியியலாக இருந்தாலும் பரவாயில்லை. பட்டத்தின் பெயரில் ‘பயோடெக்’ இருக்க வேண்டிய அவசியமே இல்லை. புதுமைப்பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாயும் வரும்.

அடுத்த படிதான் முக்கியம். மத்திய உயிரித் தொழில்நுட்பத் துறை உதவி செய்யும் எம்.எஸ்சி படிப்புகளுக்கு ‘காட்-பி’ தேர்வு, ஐஐடி எம்.எஸ்சி-க்கு ‘ஜாம்’ தேர்வின் பயோடெக்னாலஜி தாள். காட்-பி வழியாகச் சேர்ந்தால் மாத உதவித்தொகையும் உண்டு. இரண்டிலும் பிளஸ் டூ அளவிலான கணக்கு, இயற்பியல், வேதியியல் கேட்பார்கள். அந்தப் புத்தகங்களைப் பழைய பேப்பர்காரரிடம் போட்டுவிடாதீர்கள். பி.எஸ்சி படிக்கும்போதே இந்திய அறிவியல் அகாடமியின் கோடைக்கால ஆராய்ச்சித் திட்டத்துக்கு விண்ணப்பிக்கலாம். தேர்வானால் இரண்டு மாதம் ஒரு நல்ல ஆய்வகத்தில் கை பழகும்.

எந்தக் கல்லூரியானாலும் சேர்க்கும் முன் ஒரு நடை போய் ஆய்வகத்தைப் பாருங்கள். நான் பாடம் எடுத்த ஓர் இடத்தில் டிஎன்ஏவை நகலெடுக்கும் பிசிஆர் இயந்திரம் இருந்தது, உறை போட்டு. இன்ஸ்பெக்ஷனுக்கு மட்டும்தான் உறையைக் கழற்றுவார்கள். அதனால் கருவி இருக்கிறதா என்று கேட்காதீர்கள். மூன்றாம் வருடப் பிள்ளைகளைத் தனியாக நிறுத்தி, “போன செமஸ்டரில் நீங்களே எத்தனை தட்டு பரப்பினீர்கள்?” என்று மகளைக் கேட்கச் சொல்லுங்கள். தயங்காமல் பதில் வந்தால் நல்ல இடம். “மேடம் செய்து காட்டினார்கள்” என்றால் யோசியுங்கள். கரண்ட் போனால் டிஎன்ஏ வைத்திருக்கும் ஃப்ரீசருக்கு ஜெனரேட்டர் உண்டா என்றும் விசாரியுங்கள்.

ஆங்கிலம் முதல் ஆறு மாதம் படுத்தும். பாடத்தை ஆங்கிலத்தில் வாசித்து, அன்றைக்கே தமிழில் தன் வார்த்தையில் ஒரு பக்கம் எழுதிவைக்கட்டும். ஐஐடி பேராசிரியர்கள் பாடம் எடுக்கும் என்பிடெல் வீடியோக்கள் இணையத்தில் இலவசம். ஒரே பாடத்தை மூன்று தடவை கேட்பதில் வெட்கமில்லை.

அதுவரை மேனேஜ்மெண்ட் கோட்டாக்காரர்களுக்கு முன்பணம் என்று ஒரு ரூபாய்கூடக் கொடுக்க வேண்டாம். கவுன்சிலிங் முடியட்டும்.