பட்டி பார்க்கும் பி.காம்.

கே: எங்கள் வீட்டுக்குப் பெயின்ட் அடிக்க வரும் பையன் பி.காம். முதல் வகுப்பாம். 2001-இல் பிறந்தவன், பக்கத்து இலங்கைத் தமிழர் முகாம். "இங்கதான் பிறந்தேன், ஆதார் இருக்கு, ஆனா இந்தியன் இல்லை" என்கிறான். அது எப்படி? படிப்புக்கேற்ற வேலை தேடாமல் ஏன் சாரம் ஏறுகிறான்? நாங்கள் டைல்ஸ் கடை வைத்திருப்பதால் அடிக்கடி இப்படிப் பையன்களைப் பார்க்கிறேன்.
– ஒரு வாசகி, ஆனையூர்

ப: பையன் சொன்னது சரிதான் அம்மா. ஆதார் இங்கே வசிப்பதற்குத் தருவது, குடியுரிமைக்குச் சான்றாகாது. சட்டம் பிறந்த தேதியைப் பார்க்கும். 1987 ஜூலை 1-க்கு முன் இந்திய மண்ணில் பிறந்திருந்தால், பெற்றோர் அகதியா என்று கேட்பதில்லை. அதற்குப் பின் பிறந்தவருக்குப் பெற்றோரில் ஒருவராவது இந்தியராக இருக்க வேண்டும். இவனுக்கு அப்பா, அம்மா இருவருமே படகில் வந்தவர்கள் என்றால் கதை முடிந்தது. ஆனால் அவன் அத்தை ஒருத்தி 1986-இல் மண்டபம் முகாமில் பிறந்திருந்தால் அவர் இந்தியர்! கற்பனை இல்லை. அப்படிப் பிறந்த ஒரு பெண்ணுக்கு பாஸ்போர்ட் கொடுக்கச் சொல்லி உயர் நீதிமன்றத்தின் நம் மதுரைக் கிளைதான் 2022-இல் உத்தரவிட்டது. 2024 தேர்தலில் அவர் ஓட்டும் போட்டுவிட்டார்.

விண்ணப்பித்து வாங்கலாமே என்பீர்கள். விசா இல்லாமல் வந்தவர்களுக்கு அந்த வழி அடைப்பு. 2019 குடியுரிமைத் திருத்தச் சட்டமும் பாகிஸ்தான், வங்கதேசம், ஆப்கானிஸ்தானிலிருந்து வந்தவர்களோடு நின்றுவிட்டது.

அப்புறம் வேலை. அரசு வேலைக்கு வழியில்லை. தனியார் ஆபீஸில் விலாசத்தில் 'முகாம்' என்று பார்த்ததும் "சொல்லி அனுப்புகிறோம்" என்பார்கள். பெயின்டிங்குக்கு யாரும் பேப்பர் கேட்பதில்லை.

நானும் அப்படித் திருப்பி அனுப்பியவன்தான். வங்கிக் கவுன்டரில் இருந்தபோது ஒரு அப்பாவும் மகனும் கல்விக் கடன் கேட்டு வந்தார்கள். குடும்பப் படம் ஒட்டிய முகாம் அட்டையை நீட்டினார் அப்பா. படத்தில் அந்தப் பையன் அம்மா மடியில் கைக்குழந்தை. கடன் தரக்கூடாது என்று எனக்கு யாரும் சொல்லவில்லை, தரலாம் என்றும் சொல்லவில்லை. அதனால் "இன்னொரு சான்று வாங்கி வாங்க" என்றேன். மறுபடி வந்தார்கள், மறுபடி வேறொன்று கேட்டேன். வந்த இரண்டு நாளும் அவருக்குக் கூலி போயிருக்கும். மேனேஜரிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம், எனக்குச் சோம்பல். மூன்றாவது தடவை அப்பா மட்டும் வந்தார், நகக்கண்ணெல்லாம் வெள்ளைப் பட்டி. "மகனையும் என்னோட வேலைக்குக் கூட்டிக்கொண்டு போறன் ஐயா" என்று சொல்லிவிட்டு அட்டையின் ஜெராக்ஸைத் திருப்பி வாங்கிக்கொண்டார்.

முகாமில் குடும்பத் தலைவருக்கு மாதம் 1,500 ரூபாய் உதவித்தொகை என்று 2021-இல் உயர்த்தினார்கள், அதற்கு முன் 1,000. அதை வைத்துக்கொண்டு எந்தப் பையன் வேலை தேடி அலைவான்?

சரி, உங்கள் கடையில் கம்ப்யூட்டரில் டாலி கணக்குப் போட ஆள் இருக்கிறாரா? இல்லையென்றால் சுவரில் பட்டி காய்வதற்குள் அவனிடம் கேட்டுப் பாருங்கள். முகாமில் ஆள் கணக்கு எடுக்கும் நாளில் மட்டும் கொஞ்சம் தாமதமாக வருவான்.